அறுபத்துமூன்றாவது அறிக்கை

ரத்னபாய் டீச்சருக்கு எழுதி எழுதியே அலுத்துவிட்டது. அங்கன்வாடி வேலை முடிந்து கேரள எல்லையில் பாறசாலையில் சும்மா இருந்தவரை, பிள்ளைகளைத் தெரிந்தவர் என்று சட்ட உதவிக் குழுவில் தன்னார்வலராகச் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைக்காகச் சொந்தக்காரர்கள் வழக்காடும்போது, இரண்டு வீட்டையும் பார்த்து, பிள்ளையின் பக்கம் நின்று கோர்ட்டுக்கு மலையாளத்தில் அறிக்கை எழுத வேண்டும். ஏழு வருடத்தில் அறுபத்திரண்டு எழுதியாயிற்று. முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

அறுபத்துமூன்றாவது சோனாவுடையது. ஒன்பது வயது. அம்மா இறந்தபின் பொழியூரில் சித்தி பிஜியிடம் வளர்கிறாள். கடல் வீட்டைக் கொண்டுபோய்விட்டதால் வாடகைக்கு ஒற்றை அறை, அதில் நான்கு பேர். வளைகுடாவிலிருந்து திரும்பிய அப்பா சத்தியராஜ் பெருங்கடவிளையில் வீடு கட்டிக்கொண்டு மகளைக் கேட்கிறார். புதன்கிழமை விசாரணை.

போகுமுன் போன் செய்வது டீச்சரின் வழக்கம். பூட்டிய வீட்டுக்கு நடக்கக் காலில் வலு இல்லை. அதனால் எல்லா வீடும் அவருக்குக் கழுவித் துடைத்தே காட்சி தரும். வேலை சுருங்கட்டுமென்று, பார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு வரிசையும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சோனா அப்பாவிடம் போயிருந்தபோது டீச்சரும் அங்கே போய் அந்த வரிசைப்படியே எழுதினார்: தனி அறை உண்டு, கட்டில் உண்டு, குடிநீர் உண்டு. புது மெத்தையின் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை பிஜியின் வாசலில் உட்கார்ந்து மீதியை எழுதினார். தனி அறை இல்லை, கட்டில் இல்லை, குடிநீர் தெருக்குழாயில். முடித்துக் கண்ணாடியைக் கழற்றியபோது சோனா பக்கத்தில் நின்றாள்.

"டீச்சரே, எழுதினத எனக்கு வாசிச்சுக் காட்டுவியளா?"

இதுவரை எந்தப் பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. மறுத்துப் பேசவும் தெம்பில்லாமல், டீச்சர் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார்.

"இது வீட்டுக்க காரியம் ஆக்கும். எனக்க காரியம் எங்க?"

"கோர்ட்டுல வீடு எப்பிடிண்ணுதான் கேப்பினும், மக்கா."

சோனா உள்ளே போய்ப் பானை மூடியைத் திறந்து, தண்ணீர் மொண்டு குடித்தாள். யாரையும் கேட்கவில்லை.

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை இதே பிள்ளை பெற்ற அப்பாவிடம், "கொஞ்சம் தண்ணி தருவியளா?" என்று விருந்தாளி போல நின்று கேட்டாள். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் குடிநீர் உண்டு என்று எழுதியிருக்கிறார். தன்மேலேயே கோபம் வந்தது. அந்த அறுபத்திரண்டு பிள்ளைகளும் யாரிடம் என்னென்ன கேட்டு நின்றார்களோ, அவர் பார்க்கவே இல்லை.

வேறொரு தாளை எடுத்து, இரண்டு வீட்டிலும் சோனா தண்ணீர் குடித்த விதத்தை எழுதினார். வாசித்தும் காட்டினார்.

"அங்க தண்ணி எங்க உண்டுண்ணு அப்பா இன்னும் காட்டித் தரல்ல. அதையும் எழுதுங்க டீச்சர்."

நாலு மணி பஸ் போய்விட்டது. டீச்சர் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையும் எழுதினார். அவருடைய அறிக்கையில் ஒரு பிள்ளை சொன்ன சொல் ஏறியது அன்றுதான்.