அந்தப் பக்கத்துப் புலி

இந்தியாவும் நேபாளமும் சேர்ந்து புலிகளைக் கணக்கெடுக்கும் வேலையில் நானும் ஒருவன். காட்டுக்குள் அலைந்த காலமெல்லாம் முடிந்து, இப்போது புதுக்கோட்டையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். மரத்தில் கட்டிய கேமராக்களில் விழுந்த படங்களைப் பார்த்து, வரிகளை வைத்து இது இன்ன புலி என்று சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் இதே வேலையை ஒரு பெண் செய்கிறாள். எங்களுக்குள் பேச்சு எல்லாம் ஓட்டை இந்தியில்தான்.

புலிக்கு எல்லைக்கல் தெரியாது. அதனால் ஒரே புலியை இரண்டு நாடும் எண்ணிவிடக் கூடாது என்பதில் எங்களுக்கு அப்படி ஒரு ஜாக்கிரதை. ஒருவருமே எண்ணாமல் ஒன்று விட்டுப்போகலாம் என்பது எங்கள் மண்டைக்கு எட்டவே இல்லை.

ஒரு பெண்புலி இருந்தது. இடது விலாவில் பல் உடைந்த சீப்பு மாதிரி வரிகள். குட்டியாகத் தாயின் பின்னால் வந்த நாளிலிருந்து அதைத் தெரியும். ஒரு வருஷமாக எங்கள் கேமராவில் விழவில்லை. அந்தப் பக்கம் போயிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். 'இரு நாடுகளின் இடைவிடாத கண்காணிப்பில் நலமாக உள்ளது' என்று கூட்டறிக்கையில் எழுதியதும் என் கைவண்ணம்தான்.

வீட்டிலும் ஒரு ஏற்பாடு உண்டு. அம்மா போனபிறகு அப்பா ஒரு மாதம் கீரமங்கலத்தில் அண்ணன் வீட்டில், ஒரு மாதம் என் வீட்டில். அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது, போனும் கிடையாது. ஒன்றாம் தேதி காலை அண்ணன் அவரைப் பஸ் ஏற்றிவிட்டு எனக்கு ரிங் கொடுப்பார். நான் கட் பண்ணுவேன். கட் பண்ணினால் 'சரி, ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டேன்' என்று அர்த்தம். காசு மிச்சம் பிடித்த காலத்துப் பழக்கம், விடவில்லை. அப்பா இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எங்கேயும் நகரக் கூடாது என்பது என் உத்தரவு.

போன மாதம் ஒன்றாம் தேதி காலை அந்த நேபாளத்துப் பெண் வீடியோவில் கூப்பிட்டாள். சோதனைச் சாவடியில் பிடிபட்ட ஒரு தோலின் படத்தைக் காட்டினாள். பல் உடைந்த சீப்பு.

"உங்ககிட்ட இருக்குன்னு நாங்க நிம்மதியா இருந்துட்டோம்" என்றாள்.

"நாங்களும்" என்றேன். அவள் அழுதாள். ஊர் கூடித் தேர் இழுப்பார்கள். நாங்கள் இரண்டு நாடு கூடியும் ஒரு புலியைத் தொலைத்திருக்கிறோம். நடுவில் போன் அடித்தது. யாரென்றுகூடப் பார்க்காமல் கட் பண்ணினேன்.

பழைய படங்களை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். வேறு புலியாக இருந்துவிடாதா என்ற நப்பாசை. மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு இறப்புப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். தேதி என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் காலையில் அடித்த போன் உறைத்தது.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

அப்பா அதே பெஞ்சில் இருந்தார். பத்தரை மணியிலிருந்து இருந்திருக்கிறார். மடியில் மஞ்சள் பை. வேட்டி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

"ஏம்ப்பா, அங்கிட்டு பாத்ரூம் இருக்குல்ல, எந்திரிச்சுப் போயிருக்கலாம்ல?"

"நீ நகரக் கூடாதுன்னுல்ல சொன்ன. நான் போன நேரத்துல நீ வந்து தேடிட்டு நிப்பியேன்னு உக்காந்துட்டேன்."

வீட்டுக்குக் கூட்டிவந்து குளிப்பாட்டி, சோறு பிசைந்து கொடுத்தேன். மதியச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார். பாதியில் அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, அப்பா நல்லபடியா வந்து சேந்துட்டாருல்ல? நீ கட் பண்ணவும் நான் கவலையில்லாமப் பூப்பறிக்கப் போயிட்டேன்."

"காலையிலயே வந்துட்டாருண்ணே. நல்லா இருக்காரு."

கூட்டறிக்கை எழுதிய அதே ஆள்தானே நான். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு போன் பக்கமாகக் குனிந்து, "ஆமாப்பா, காலையிலயே வந்துட்டேன்" என்றார்.