விண்கலம் இறங்க ஆட்சேபணை

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில்தான் அவனுக்கு மூளை வேலை செய்யும். அப்படியோர் ஆடி மாதத்தில் விண்வெளிப் படம் எடுக்கத் தொடங்கினான்.

என் வீட்டு இட்லிப் பானை மூடியையும் அவன் வீட்டு மூடியையும் வாயோடு வாய் வைத்து ஒட்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்ததுதான் விண்கலம். மொட்டை மாடியில் பச்சைத் துணிக்கு முன்னால் நூலில் தொங்கவிட்டு, சாம்பிராணிப் புகை போட்டுப் படம் பிடித்தான். பச்சையை மட்டும் கம்ப்யூட்டர் நீக்கிவிடுமாம். எங்கள் சமையலறையிலிருந்து நீங்கியது இட்லி.

மூன்று ஆண்டுகள் எடுத்ததில் மீதி இருந்தது ஒரே காட்சி. காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் கலம் இறங்க, விஞ்ஞானி நிமிர்ந்து பார்க்க வேண்டும். விஞ்ஞானியாக நடித்தவர் அதை எடுக்கும் அன்று மாலையே குவைத்துக்குக் கிளம்புகிறார். இரண்டு வருடக் கான்ட்ராக்ட். அந்தக் காலையை விட்டால் படம் இல்லை. அங்கே படமெடுக்க அனுமதி தந்தவர், தோப்புக்காரம்மாவின் மகன்; சென்னையில் இருப்பவர். அம்மாவிடம் சொல்ல அவருக்கு மறந்துவிட்டது.

கேமரா நகரும்போது கலம் தரையோடு ஒட்டி நிற்பதற்கு, தரையில் அசையாத சில அடையாளங்களைக் கம்ப்யூட்டர் பார்க்க வேண்டுமாம். அப்புறம் அவற்றைத் திரையில் அழித்துவிடலாம். முந்தின நாளே முளைக்குச்சிகளுக்கு ஆரஞ்சு டேப் சுற்றி அடித்தோம். தாலுகா ஆபீசில் நிலம் அளந்தே காலம் தள்ளிய எனக்கு அது பழகின வேலை. நூல் பிடித்து அடித்தேன்.

"ஏன் மாமா இவ்ளோ நேரா அடிக்கிறீங்க? கன்னாபின்னான்னு இருந்தா போதும்."

"கோணலா அடிச்சு எனக்குப் பழக்கமில்ல மச்சான்."

யாரும் முளையைப் பிடுங்கிவிடக் கூடாதே என்று தோப்பு வாசல் மரத்தில் ஓர் அறிவிப்பும் ஒட்டினேன். 'பொருள்: முளை நடுதல் – தொடர்பாக. மேற்படி நிலத்தில் நாளைக் காலை பணி நடைபெறவிருப்பதால், நடப்பட்டுள்ள முளைகளை எவரும் அகற்றலாகாது.' சினிமா என்ற சொல் அந்த நடையில் உட்கார மறுத்தது. 'பணி' உட்கார்ந்தது.

காலையில் விஞ்ஞானி வானத்தைப் பார்க்கத் தொடங்கியதும், தோப்புக்காரம்மா பத்துப் பேரோடு வந்து முளைகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

"எங்க நெலத்துல எவன்யா மொளை அடிச்சது? ரோடா, கம்பெனியா?"

"ரெண்டும் இல்லம்மா. பறக்கும் தட்டு எறங்குது" என்றான் மச்சான்.

"எது எறங்குனாலும் நெலம் வேணும் இல்ல?"

என் சர்வீஸ் முழுவதும் இவ்வளவு சுத்தமான ஆட்சேபணை என் மேசைக்கு வந்ததில்லை. கூட்டத்தில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "தோ, இவுரு தாலுகா ஆபீஸ்காரரு. பேப்பர் ஒட்டி மொளை அடிச்சா என்னா அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாதா?"

மச்சான் என் பக்கம் திரும்பினான். "உங்கள யாரு மாமா நோட்டீஸ் ஒட்டச் சொன்னா?" விஞ்ஞானி செல்போனில் மணி பார்த்தார்.

வெள்ளைத் தாள் எடுத்து எழுதினேன்: 'இந்நிலத்தில் எக்கிரகத்தைச் சேர்ந்த கலம் இறங்கினாலும், நில உரிமை தற்போதைய உரிமையாளரையே சாரும்.' அம்மா கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

"சீலு இல்லியே?"

"ரிட்டயர் ஆயிட்டேம்மா."

"அப்ப இந்தக் கையெழுத்து செல்லுமா?"

நான் விதியை யோசிப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டான். "வேற கெரகத்துக்காரன்கிட்ட செல்லும்மா."

அம்மா சிரித்துவிட்டார். "சரி, எடுத்ததை நாங்களே நடறோம். இவுரு கைய வெச்சாதான் நெலம் போயிடுமோன்னு இருக்குது."

அவரவர் இஷ்டத்துக்குக் கோணலும் மாணலுமாக நட்டார்கள். மதியத்துக்குள் காட்சி முடிந்தது. விஞ்ஞானியை அடித்துப் பிடித்துச் சென்னை பஸ்ஸில் ஏற்றினோம்.

திரையில் இட்லி மூடிகள் முந்திரி மரங்களுக்கு நடுவே சற்றும் தள்ளாடாமல் இறங்கின. ஒரே சீராக அடித்திருந்தால் எந்த முளை எது என்று கம்ப்யூட்டர் குழம்பியிருக்குமாம். "கோணல்தான் மாமா அதுக்குப் புடிச்சிருக்கு" என்று மச்சான் இரண்டு முறை சொன்னான். முதல் முறையே எனக்குக் கேட்டிருந்தது.

முடிந்த காட்சியை அவன் லேப்டாப்பில் கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டினான். நானும் போயிருந்தேன். கலத்தை அவர் பார்க்கவே இல்லை. தரையையே உற்றுப் பார்த்தார்.

"மொளைங்க எங்க?"

"எல்லாத்தையும் அழிச்சாச்சும்மா" என்றான் பெருமையாக.

"இதுல அழிச்சிட்ட. தோப்புல?"

மச்சான் என்னைப் பார்த்தான். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒன்றைக்கூட நாங்கள் பிடுங்கவில்லை.

அம்மா ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தோப்புக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டேன். நட்ட முளையை நானே பிடுங்கியது அதுதான் முதல் தடவை.