வசந்தா அக்காவை விட்டுவந்த ஆற்றங்கரை

நனைந்த தார்ப்பாயும் பச்சை மூங்கிலும் ஈர விறகின் புகையும் கலந்த ஒரு வாடை. கல்வராயன் மலையில் நாங்கள் தங்கியிருந்த அந்த மழைக்காலத்தை நினைத்தால், கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன் அதுதான் எனக்கு மூக்கில் ஏறும். எழுபதுகளின் தொடக்கம். வெள்ளிமலைக்குப் போகும் மண்பாதையைத் தார்ச்சாலையாக்கும் வேலைக்குக் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து ஆள் எடுத்தார்கள். வயல்வேலை அற்றுப்போயிருந்த வருடம் என்பதால் அப்பாவும் அம்மாவும் கல் உடைக்கக் கிளம்பினார்கள். ஊரில் எங்களைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. ஏழாவது படித்துக்கொண்டிருந்த வசந்தா அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, அவளையும் சிறுமியான என்னையும் கூடவே லாரியில் ஏற்றிக்கொண்டார்கள்.

மூங்கில் நட்டுத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய கூடாரங்கள் ஆற்றோரமாக வரிசையாக இருந்தன. எல்லாரும் அந்த இடத்தைக் "கேம்பு" என்றார்கள். பெரியவர்கள் வேலைக்குப் போனதும் அக்கா கேழ்வரகுக் களி கிண்டுவாள், பிறகு ஆற்றில் என்னைக் குளிப்பாட்டி, பாறையில் உட்கார்ந்து தன் பாடப்புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாள். சாயங்காலம் அப்பா வந்ததும் கேட்பாள்: "எப்போப்பா வூட்டுக்குப் போவோம்? பரீச்ச வந்துடும்பா."

"ரோடு மேல போய்ச் சேந்துட்டா போயிடலாம்டி" என்பார் அப்பா. அவள் அதை நம்பினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றது, தார் ஏற்றி வரும் லாரியும் நின்றது. ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி, நாங்கள் கீழே இறங்க வேண்டிய துறையை மூடிவிட்டது. அந்த மழையில்தான் அக்காவுக்கு "குளிர்காய்ச்சல்" கண்டது. இருந்த துணியெல்லாம் போர்த்தியும் அவள் பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொண்டன. அப்பா மேஸ்திரியிடம் ஓடினார்.

"பொண்ணுக்கு ஒடம்பு அனலா கொதிக்குதுங்க. லாரி எப்போ வரும்ங்க?"

"மழ வுட்டாத்தான் வரும். காய்ச்சல்தானே, கஷாயம் வெச்சிக் குடு."

கஷாயம் வயிற்றில் தங்கவில்லை. அக்கா என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். "வூட்டுக்குப் போலாம்மா" என்பதை மட்டும் ஓயாமல் சொன்னாள். அம்மா ஆற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கூடார வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிய காலையில் மலைக்காரர்கள் நான்கு பேர் வந்து, போர்வையை மூங்கிலில் கட்டி "டோலி" செய்து, கீழே ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா ஆற்றைக் கடந்தார். அக்கரை ஏறிக் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். பக்கத்தில் வந்துகொண்டிருந்த அம்மா போர்வைக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு அலறினாள்.

"நில்லுங்க! காலு சில்லுனு இருக்குதுங்க!"

"போர்வ ஈரம்டி, அதான் சில்லுனு இருக்குது. நீங்க நடங்க, நடங்க" என்றார் அப்பா. தூக்கியவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நடந்தார்கள். ஒரு வளைவு தாண்டியதும் முன்னால் போனவர் தானாகவே நின்று, மூங்கிலை மெல்லத் தரையில் இறக்கினார். "போதும் சாமி" என்றார். அப்பா அப்போதும் "நடங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழை மறுபடி பிடித்துவிட்டதால் ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. ஆற்றங்கரைக்கே திரும்பிவந்து குழி வெட்டினார்கள். சாலைக்கு உடைத்து வைத்திருந்த கற்களை அப்பா ஒவ்வொன்றாகச் சுமந்துவந்து மேலே அடுக்கினார். மழை வெறித்ததும் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டார். அம்மாவும் அப்பாவும் போனார்கள். வேறு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கூடாரத்தில் நான் தனியாகக் களி கிண்டக் கற்றுக்கொண்டேன்.

அந்தச் சாலையில் இப்போது பஸ் போகிறது. அம்மா இதுவரை அதில் ஏறியதில்லை. போன வருடம் நான் மட்டும் போனேன். ஆற்றோரம் சுற்றுலா வந்த பிள்ளைகள் நீல நிறக் கூடாரங்கள் அடித்துப் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆறு எப்போதோ பக்கம் மாறி ஓடியிருந்தது. துறை இல்லை, கற்குவியல் இல்லை. எந்த மணலைப் பார்த்து நிற்பதென்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், அம்மா கேட்கும் முன்பே, "அக்கா இடம் அப்பிடியே இருக்குதும்மா" என்றேன்.

அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இல்லடி. அடுத்த மழையிலயே ஆறு வாரிக்கினு போயிடுச்சி. உங்கப்பா போய்ப் பாத்துட்டு வந்தாரு. கொயந்தைக்குத் தெரியவேணாம்னு வுட்டுட்டோம்."