அம்முவின் எடையும் வத்சலா சிஸ்டரும்

வத்சலா சிஸ்டரை அறிந்த குடும்பங்களுக்காக எழுதுகிறேன். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. செய்தி வந்தது.
2. என் அட்டவணையை அவர் கிழித்தது.
3. அவர் தொடங்கிவைத்ததை எங்கள் வீட்டில் விடாமல் தொடர்வது.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்கோடியில் உள்ள கிளினிக்கில் அவர் நர்ஸ். எடை கூடிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சனிக்கிழமைகளில் வருவார். இரண்டு வாரத்துக்கு முன், ஒரு புதன்கிழமை காலை, மாரடைப்பில் அவர் போய்விட்டதாக என் மகளுக்குப் போன் வந்தது. பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பத்து வயதுப் பேத்தி அம்மு கேட்டாள்: "தாத்தா, அப்போ சனியாழ்ச்சை ஆரு வருவா?"

அம்முவுக்கு எடை அதிகம் என்று டாக்டர் சொன்னதும் நான் அட்டவணை போட்டேன். கணக்கு வாத்தியாராக இருந்த பழக்கம். ஞாயிறுதோறும் அவள் எடையை எழுதி, கூடினால் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அதைப் படித்தார்கள். அவளுக்கு மட்டும் இரண்டு சப்பாத்தி. எங்களுக்கு அப்பளம், பாயசம். அம்மு பள்ளிப் பையில் நேந்திரங்காய் வறுவலை ஒளித்துவைக்க ஆரம்பித்தாள்.

சிஸ்டர் முதல் நாளே அந்தத் தாளைக் கிழித்தார்.

"ஸாரே, இது டயட்டா, தண்டனையா? குட்டி தின்னுறதை எல்லாரும் தின்னுங்கோ."

"எனக்கு எழுபத்தாறு வயசாச்சு, சிஸ்டர்."

"பல்லு உண்டல்லோ? வெள்ளரிக்கா கடிக்கலாம்."

அம்மு வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒருநாள் சாயாக்கடையில், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் கையுமாக அவரிடம் அகப்பட்டேன். "ஸார் இங்கே ஒளிஞ்சு தின்னா, குட்டி அங்கே ஒளிச்சு தின்னும்," என்றார். கடைக்காரர் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. பழம்பொரியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். அன்று முதல் மாலை ஆறு மணிக்கு நான், மனைவி, மகள், அம்மு நால்வரும் படகுத்துறை வரை நடந்தோம். காக்கநாட்டில் வேலை பார்க்கும் மகள்கூட அதற்காகச் சீக்கிரம் வந்தாள். எட்டு மாதத்தில் அம்மு பள்ளிப் படிகளில் நிற்காமல் ஏறினாள்.

சிஸ்டர் வந்தால் அம்முவின் எடையைக் கேட்கமாட்டார். என்னைத்தான் முதலில் கேட்பார்: "ஸார் நடந்நோ?" அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான்.

மகளுக்கு மறுபடி வேலை நீள்கிறது. மனைவிக்கு முழங்கால் வலி. எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி காரணம் ஒன்றும் இல்லை. நேற்று ஆறு மணிக்கு அம்மு ஷூ போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மழை வரும் என்றேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள்; ஷூவைக் கழற்றினாள்.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு. நாங்கள் தொடரவில்லை.