தனியாக வைத்த இலை

பொதுக் காரியத்தில் இறங்கியவர்கள் பெரும்பாலும் மேடையில்தான் இறங்கினார்கள். நான் இறங்கியது காஜா பேராங் என்ற பகுதியில், ஒரு வீட்டின் பின்புறம், பலாமரத்தடியில், சோற்றைப் பிசைந்தபடி. பிற்காலத்தில் நோயாளிகளின் உரிமைக்காக ஒரு சங்கம் தொடங்கிப் பல ஆண்டுகள் தலைமை தாங்கினேன். கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் இந்தச் சோற்றுக் கதையைச் சொல்வதில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாலை போடுவதற்கு ஏற்ற கதை அல்ல இது.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது விடுதலை, கிடைத்த புதிது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாலை வேளைகளில் காசநோய் ஒழிப்புக் குழு ஒன்றில் தொண்டு. காசநோய் அப்போது ஊரையே ஆட்டிவைத்தது. ஊசியும் மாத்திரையும் வந்துவிட்டன, ஆனால் மாதக்கணக்கில் விடாமல் எடுத்தாக வேண்டும். வார்டில் இடமில்லாததால் பலரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். அவர்கள் ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை.

என்னைக் காஜா பேராங்கில் செட்டி மக்களின் கம்பத்துக்கு, அதாவது குடியிருப்புக்கு, அனுப்பினார்கள். அங்கே கோயில் இருக்கிறது, சாமியும் நம் சாமி, ஆகவே தமிழ் டீச்சர் போனால் போதும் என்று குழுத் தலைவர் முடிவுகட்டிவிட்டார். கெபாயா என்ற மலாய் மேற்சட்டை அணிந்த ஓர் அம்மாள் நான் தமிழில் பேசியதை முழுக்க மரியாதையாகக் கேட்டுவிட்டு, மலாயில், “நல்லா பேசுறீங்க சேகு, ஆனா என்ன சொன்னீங்க?” என்றார். ஆசிரியரை அங்கே சேகு என்பார்கள். முன்னோர் தமிழ் வணிகர்கள் என்றாலும், தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு வீட்டுமொழி மலாய்தான். பெரியம்மா, மாமா என்று சில உறவுச்சொற்கள் மட்டும் தமிழில் தங்கியிருந்தன. என்னுடையது சந்தை மலாய். அதை வைத்தே ஒப்பேற்றினேன். அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டேன், அது இருவருக்கும் புரிந்தது.

நோயாளி அவருடைய மருமகள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஊசி போட்டு இருமல் நன்றாகக் குறைந்திருந்தது. எடை மட்டும் ஏறவில்லை, வாராவாரம் இறங்கியது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. இப்படியே போனால் மருந்து இருந்தும் பிழைக்க மாட்டாள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மாத்திரை குமட்டுகிறது, அதனால் சாப்பிடவில்லை என்று எழுதிவைத்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்விட்டேன். பெரியம்மா மருமகளின் அறையில் பாய் விரித்து, வாழையிலை போட்டு, சோறும் மீன்குழம்பும் மிளகாய்ச் சம்பால் துவையலும் வரிசையாக வைத்தார். ஒரு குவளையில் தண்ணீர். பிறகு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். எல்லாரும் கூடத்தில் விலகி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. மருமகள் சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

ஏன் இலை, தட்டு இல்லையா என்று கேட்டேன்.

“உங்க கிளினிக்தானே தனியா வைக்கச் சொன்னிச்சு? தட்டை வேற கொதிக்க வைக்கணுமாம். இலைன்னா எரிச்சிடலாம்” என்றார் பெரியம்மா.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அப்போது மருமகள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “சேகு, எனக்கு இப்பவே பார்ச்சு வச்சிட்டாங்க.”

பார்ச்சு என்றால் அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் படைப்பது. பொங்கலுக்கு முதல்நாள், இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, இலை போட்டுப் பரிமாறிவிட்டு, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று உயிரோடிருப்பவர்கள் விலகி நிற்பார்கள். கிளினிக் தனித்தட்டு என்றது, விலகி இருங்கள் என்றது. இரண்டையும் சொன்ன சொல் தட்டாமல் செய்த குடும்பம், இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண்ணுக்குத் தினம் இரண்டு வேளை படையல் போட்டுக்கொண்டிருந்தது. பெரியம்மாவுக்கும் அது தெரியாமல் இல்லை. “இலை போடுறப்ப எனக்கும் அதே நினைப்புதான் சேகு. டாக்டர் பேச்சை மீற முடியுமா?” என்று அழுதார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மீது என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

நல்ல காற்று வேண்டும் என்றும் அதே கிளினிக் சொல்லியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பலாமரத்தடியில் போடச் சொன்னேன். மருமகளை வெளியே அழைத்து உட்காரவைத்து, நாலு முழம் தள்ளி நானும் உட்கார்ந்து, எனக்கும் ஒரு தட்டு கேட்டேன். விருந்தாளியைத் தனியே சாப்பிட விடுவது அந்த வீட்டில் பெரிய குற்றம். பெரியம்மா தவித்துப்போனார். பின்வாசற்படிவரை வந்தார், திரும்பி உள்ளே போய்த் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பின்னால் பிள்ளைகளும் வந்தார்கள். எல்லாருக்கும் தனித்தனித் தட்டு, நடுவே இடைவெளி, மேலே ஆகாயம். மருமகள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்புறம் சோற்றில் கை வைத்தாள். சம்பால் காரம் என் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. அதைப் பார்த்து அவள் சிரித்ததில் இருமல் வந்தது, ஆனால் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

அந்த வாரமே எடை கொஞ்சம் ஏறியது. பலாமரத்தடிச் செய்தி அதைவிட வேகமாகக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. தலைவர் கூட்டம் போட்டார். நல்ல மனிதர், ஜவுளிக்கடைக்காரர், நாற்காலியில் சாயாமல் உட்காருவார்.

“டீச்சர், ரூல்னா ரூல்தான் லா. நாளைக்கு உங்களுக்கு நோய் வந்திச்சுன்னா யார் பதில் சொல்றது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வேற இருக்கு.”

அவருடைய பயம் பொய்யில்லை. பார்ச்சு பற்றி விளக்கினேன். இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சட்டம் போட முடியுமா என்று கேட்டார். வீட்டுக்குள் போவதற்கு முன் அந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவார்கள் என்றாவது கேட்கலாமே என்றேன். அது மருத்துவம் அல்ல என்றார்கள். என்னைக் குழுவிலிருந்து நீக்க எல்லாரும் கை தூக்கினார்கள். தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

இனி வேறொருவர் வருவார் என்று சொல்லிவிட்டு வரக் காஜா பேராங்குக்குப் போனேன். மருமகள் மரத்தடியில் பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டாள். மழுப்பிப் பார்த்தேன், விடவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

சீப்பைக் கீழே வைத்தாள். “சாயா மாக்கான், டியா ஓராங் மாரா?” என்றாள்.

நான் சாப்பிட்டதற்கா அவர்களுக்குக் கோபம் என்று அர்த்தம். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அந்தக் குழுவில் இருந்ததற்காக அவமானமாக இருந்தது. பிறகு எத்தனையோ அதிகாரிகளின் மேசைக்கு முன் உட்கார்ந்து எத்தனையோ பேருக்காக வாதாடியிருக்கிறேன்; அதைவிடச் சுருக்கமாக என்னால் கேட்க முடிந்ததில்லை.

மறுநாளும் போனேன், எந்தக் குழுவின் பெயரிலும் இல்லாமல். மருந்து முடியும்வரை போனேன். பிழைத்துக்கொண்டாள்.