உப்பிட்டுச் சுட்ட நாக்கு

குலசிங்கம் 1990 ஜூன் மாதத்தில் ஒரு காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். அன்று பகலே ஊரடங்கு போட்டார்கள். அவர் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனது, எந்த இடத்தில் வைத்து, என்று ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய மனைவி அன்னலட்சுமிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பிள்ளைகள் இல்லை. லிங்கநகர் வீட்டில் அவளும் குலசிங்கத்தின் தமக்கை கனகம்மாவும் மிஞ்சினார்கள்.

அன்னலட்சுமி அழவில்லை என்பது அயலில் ஒரு கதையாகவே இருந்தது. அவள் இராணுவ முகாம் முகாமாகப் போய் நின்றாள். கேட்ட இடமெல்லாம் அவருடைய படத்தைக் கொடுத்தாள். மூன்றாம் மாதம் திரும்பவும் கந்தோருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். மீன்பிடிக் கந்தோரில் அவளுக்கு மீனின் தரம் பார்க்கிற வேலை. செவுள் பூவைத் தூக்கி நிறம் பார்ப்பாள், கண்ணை அமத்திப் பார்ப்பாள், மணந்து பார்ப்பாள், படிவத்தில் எழுதுவாள். அதில் ஒரு பிழையும் வரவில்லை. வீட்டில்தான் எதைத் தின்கிறோம் என்று தெரியாமல் தின்றாள். ஒருநாள் கனகம்மா மறதியில் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டுத் தன்னுடைய சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அன்னலட்சுமி முழுவதையும் சாப்பிட்டுவிட்டு எழும்பிக் கையைக் கழுவினாள்.

1992 இல் ஜப்பானில் மூன்று மாதப் பயிற்சி ஒன்றுக்கு ஆள் கேட்டுக் கடிதம் வந்தது. ஆங்கிலம் தெரிந்த மற்றவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விட்டிருந்தார்கள். போக விருப்பமா என்று கந்தோர்ப் பெரியவர் கேட்டபோது அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கந்தோரில் தட்டச்சு செய்யும் பரீதாதான் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

பயிற்சி நடந்த ஷியோகாமா, சென்டாய் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள மீன்பிடித் துறைமுகம். அங்கேயும் ஐஸ், அங்கேயும் மீன் பெட்டி. கடற்படைக் காவல் மட்டும் இல்லை. ரயில் நிலையத்தில் தொப்பி போட்ட ஊழியர்களைக் காணும்போதெல்லாம் அவளுடைய கை தானாகவே அடையாள அட்டையை எடுத்தது. மூன்றாம் கிழமைக்குப் பிறகுதான் அது நின்றது.

ஒரு சனிக்கிழமை, பயிற்சி கொடுத்த சாத்தோ என்ற பெண், பல நாடுகளிலிருந்து வந்திருந்த ஆறு பேரையும் சென்டாய்க்குச் சாப்பிடக் கூட்டிப் போனாள். ரயிலில் அரை மணித்தியாலம். ஒடுங்கிய கடை, நீளமான மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் கரி அடுப்பு. தலையில் துணி கட்டிய ஒருவர் தடித்த இறைச்சித் துண்டுகளைக் கம்பித் தட்டில் போட்டுத் திருப்பித் திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார். வாற்கோதுமை கலந்த சோறு, உப்பிட்ட முட்டைக்கோவா, தெளிந்த சூப், ஒரு தட்டில் சுட்ட இறைச்சி. அன்னலட்சுமி ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள்.

வெளியே கருகியிருந்தது. கடித்தபோது முதலில் எதிர்த்து, பிறகு அறுந்து கொடுத்தது. புகை, உப்பு, கொழுப்பு மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல அவளால் முடிந்தது. இரண்டாம் துண்டையும் மூன்றாம் துண்டையும் அவள் மெதுவாகச் சாப்பிட்டாள்.

பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண் தன்னுடைய நாக்கை நீட்டித் தொட்டுக் காட்டி, இது மாட்டு நாக்கு என்றாள். எதிரே இருந்த பங்களாதேஷ் இந்து ஒருவர் அதைத் தொடாமல் சோறும் கோவாவும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஏனென்று அன்னலட்சுமிக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் மீன் சாப்பிடுவார்கள். மாட்டிறைச்சி வாசலைத் தாண்டியதில்லை. குமட்டும் என்று காத்திருந்தாள். குமட்டவில்லை. பயம் வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. தட்டில் இன்னும் ஒரு துண்டு இருந்தது. அது அவளுக்கு வேண்டும்போல் இருந்தது. இரண்டு வருடத்தில் அவள் வேண்டும் என்று நினைத்த முதல் பொருள் அதுதான்.

அதற்குப் பிறகு எட்டுச் சனிக்கிழமை அவள் தனியாகவே ரயில் ஏறிப் போனாள். கடைக்காரருக்கு ஜப்பானிய மொழி மட்டும்தான் தெரியும். ஐந்தாம் தரம் அவர் அவளை அடுப்புப் பக்கம் கூப்பிட்டு, தோலை உரிப்பதையும், தடிப்பாக வெட்டி மேலே மெல்லக் கீறுவதையும், உப்புத் தடவி ஊறவிடுவதையும் செய்து காட்டினார். அவள் கந்தோர்க் கொப்பியில் அளவுகளோடு எழுதிக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும் கனகம்மாவுக்கு ஒரு சால்வை கொடுத்தாள். நாக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பரீதாவிடம்தான் சொன்னாள். பரீதா தட்டச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நாக்கையா அக்கா? எங்கட வீட்டில அதக் கறிக்குப் போடுவம். நீங்க திண்டீங்களா?"

"ஓம். இன்னும் தின்ன வேணும்."

பரீதா இறைச்சிக்கடை ஆதம்பாவாவிடம் சொல்லி வைத்தாள். மாதத்தின் முதல் சனிக்கிழமைக்கு முதல்நாள் ஒரு நாக்கை அவர் எடுத்து வைப்பார். அன்றே பரீதா உப்புத் தடவி விடுவாள். சனிக்கிழமை அவளுடைய வீட்டுப் பின்பக்கம் சிரட்டைக்கரியில் அன்னலட்சுமி சுடுவாள். சென்டாயில் தின்றதுபோல் வரவில்லை. இந்த மாடு வயலில் உழுத மாடு, நாக்கு இறுகலாக இருந்தது. இன்னும் மெல்லிதாக வெட்டினாள், சரிவந்தது. பரீதா தன் பங்குக்கு மிளகும் தேசிக்காய்ப் புளியும் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வருடம் அயலில் யாரோ கனகம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அன்று அன்னலட்சுமி வேலை முடிந்து வந்தபோது கனகம்மா குசினிக் கதவடியில் கதிரையைப் போட்டு இருந்தாள். கேட்டது உண்மையா என்றாள். உண்மைதான் என்றாள் அன்னலட்சுமி.

"தம்பி வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"வரட்டும் மச்சாள். வந்தால் நானே சொல்லுறன்."

கனகம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த நாள் அவளுடைய சட்டி பானைகள் குசினியின் மற்றப் பக்கத்துக்குப் போயின. நாலு வருடம் அந்தக் குசினியில் இரண்டு அடுப்பு எரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில்தான் சமைத்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். முதல் சனிக்கிழமைகளில் அன்னலட்சுமி கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது கனகம்மாவின் சட்டம். பின்னர் அந்தத் தண்ணீரைக் கனகம்மாவே அள்ளி வைக்கத் தொடங்கினாள்.

1997 இல் கனகம்மாதான் மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்போம் என்றாள். இனிக் காத்திருக்க ஏலாது என்றாள். இருவருமாக அரசாங்கக் கச்சேரிக்குப் போய்க் கையெழுத்து வைத்தார்கள். நாலு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை சான்றிதழ் கைக்கு வந்தது. கனகம்மா கச்சேரி விறாந்தையில் இருந்து அழுதாள். அன்னலட்சுமி அவளை ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கந்தோருக்குப் போனாள். சான்றிதழ் இருந்த கடிதவுறையை மேசையில் வைத்துவிட்டுப் பரீதாவின் பக்கம் திரும்பினாள். இண்டைக்குச் சுடுவமா என்று கேட்டாள்.

பரீதா உறையைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"இண்டைக்குப் புதனக்கா. ஆதம்பாவாவிட்ட நாக்கு இராது."

"அப்ப சனிக்கிழமை வாறன்" என்றாள் அன்னலட்சுமி.

நிலாவெளியிலிருந்து வந்த பாரை மீன் பெட்டிகள் வாசலில் இறக்கிக் கிடந்தன. அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு, முதல் பெட்டியைத் திறந்தாள்.