பூட்ஸ் சத்தம்

கஹவத்தையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ்ஸில் என் பக்கத்து ஸீட்டுக்காரர் அவர். ஒல்லி உடம்பு, தொளதொள டீசேர்ட். விரல் ஓயாமல் முழங்காலில் தாளம் போட்டது. ராப் பாட்டுக்காரர்களுக்கு பீட் செய்து கொடுப்பவராம். ஒரு ஸ்டூடியோவில் முதல் வேலை கிடைத்துப் போகிறார். கையில் சின்ன ரெக்கோர்டர்.

யுத்த காலம். இரத்தினபுரி தாண்டி, சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ரெக்கோர்டரைப் போட்டுக் கேட்ட சிப்பாயின் முகம் மாறியது. கடகடவென்று ஏதோ இயந்திரம்.

"மே மொகக்த?" என்ன இது என்று அதட்டினார்.

"தேயிலை பெக்டரி ரோலர், சேர். பாட்டுக்கு எடுத்தது," என்றார் இவர் சிங்களத்தில்.

சிப்பாய் நம்பவில்லை. ரெக்கோர்டரைத் திருப்பிக் கொடுத்து, அடையாள அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு மேலதிகாரியிடம் போனார். சிப்பாய் திரும்பி வந்து, அழிக்கச் சொன்னார். இவர் மறுபேச்சில்லாமல் அழித்தார்.

பஸ் கிளம்பியதும், "உங்க உழைப்பு போச்சே," என்றேன்.

"ரோலர் எங்கங்க போகப்போகுது? திரும்ப எடுத்துக்கலாம்." ரெக்கோர்டரை என் காதில் வைத்தார். சரளைக் கல்லில் பூட்ஸ் நடந்து போனது, நின்றது, திரும்பி வந்தது. "அட்டையைக் கொண்டு போனாரே, அப்ப ரெக்கோர்ட் பட்டனை அமுக்கிட்டேன். இது மறுபடி கிடைக்காதுங்க."

"பைத்தியமா உங்களுக்கு? இன்னும் செக்பொயின்ட் இருக்கு. அழிங்க!"

அவர் சிரித்தார்.

அடுத்த சாவடியில் அவரைத் தெரியாதவன் போல வரிசையின் கடைசியில் போய் நின்றேன். அங்கே அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறியபின் அவர் என் பக்கத்தில் உட்காரவும் இல்லை.

இப்போதும் திரீவீலில் ராப் பாட்டு ஓடினால், சத்தத்தைக் கூட்டச் சொல்லி அந்தப் பூட்ஸைத் தேடுகிறேன்.